கொல்லன் வரைந்த கோடுகள்

சென்ற திங்கள் நூலகத்தில் வேதியியல் நூலொன்றைத் தேடியபோது, அடுக்கு மாறிக் கிடந்த ஓவிய நூலொன்று கைக்கு வந்தது. பிரித்த பக்கத்தில் வெள்ளைத் தாள். அதன்மேல் கரிய மைத் தீற்றல்கள். மனிதனுமில்லை, மரமுமில்லை. கீழே டெல்டா, சிக்மா என்னும் இரண்டு கிரேக்க எழுத்துகள். ஏதோ சமன்பாடு போலும் என்று நகைத்தேன். அவை வரைந்தவரின் பெயரெழுத்துகள் என்று பிறகே அறிந்தேன். அவர் அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித்.

ஸ்மித் என்றால் கொல்லன். பெயருக்கேற்ற வாழ்வே அவருக்கு வாய்த்தது. 1906இல் இந்தியானா மாநிலத்தின் டெக்கேட்டர் என்னும் ஊரில் பிறந்தார். 1925இல் ஸ்டூடிபேக்கர் மோட்டார் தொழிற்சாலையில் வேலை செய்தார். உலோகத்தை இணைக்கும் தொழில் அங்கே கைவந்தது. மறு ஆண்டு நியூயார்க் சென்று ஓவியம் பயின்றார். பிக்காசோவும் கொன்சாலேசும் இரும்பில் ஆக்கிய சிற்பங்களைப் பத்திரிகைப் படங்களில் கண்டார். தொழிற்சாலையில் கற்றது கலைக்கும் உதவும் என்று தெளிந்தார். 1933இல் வெல்டிங் செய்து சிற்பங்கள் படைத்தார். புரூக்ளின் கரையோரத்து இரும்புப் பட்டறை ஒன்றில் இடம் பெற்று உழைத்தார். பின்னர் போல்ட்டன் லாண்டிங் என்னும் மலையூரில் குடியேறியபோதும், தம் பட்டறைக்கு அந்தப் பழைய பட்டறையின் பெயரையே சூட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது ரெயில் எஞ்சின் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கு வெல்டிங் செய்தார். தொழிலாளி என்பதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை.

இரும்புக்குப் பணம் வேண்டும், நாட்கள் வேண்டும். தாளுக்கு அவ்வளவு வேண்டாம். ஆகவே ஓயாது வரைந்தார். சீன மையில் முட்டையின் மஞ்சட்கருவைக் கலந்தார். எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் லெசித்தின் அதில் உண்டென்று நாம் படித்திருக்கிறோம். அக்கலவை மைக்குத் தடிப்பும் மெருகும் தந்தது. அவ்வரைகள் சிற்பத்துக்கு இட்ட மாதிரிகள் மட்டுமல்ல. தனித்து நிற்கும் படைப்புகள்.

1962இல் இத்தாலியின் வோல்ட்ரியில், கைவிடப்பட்ட தொழிற்சாலையில் கிடந்த இரும்பையும் கருவிகளையும் கொண்டு 30 நாளில் 27 சிற்பங்கள் செய்தார். 1965இல் சாலை விபத்தொன்றில், 59ஆம் வயதில் மறைந்தார்.

நூலை மூடியபோது என் தந்தையின் நினைவு வந்தது. நெல்லைச் சீமையிலிருந்து ஜாம்ஷெட்பூருக்குப் பிழைக்க வந்தவர் அவர். ஞாயிறுதோறும் வாசலில் கம்பிக்கதவு செய்வார். முதலில் சாக்குக்கட்டியால் தரையில் வரைவார், நெடுநேரம் பார்ப்பார், பிறகே கம்பியை வெட்டுவார். அந்தக் கோடுகளை நான் காலால் அழித்து விளையாடியதுண்டு. விடுதியில் எவரேனும் தந்தையின் தொழிலைக் கேட்டால், எஞ்சினியரிங் துறை என்று சொல்லி நழுவியதும் உண்டு.

நண்பர்களே! இனி நழுவமாட்டேன். என் தந்தை வெல்டர். அவர் வரைந்த கோடு ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. அதுவே என் வருத்தம்.