பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ‘இன்னொரு கை’ வந்தது எப்படி? யார் இந்த எட்மண்ட் கெல்ஸ்?

ஞானப்பல் வலிக்கிறது என்று பல் மருத்துவரிடம் போனால் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்புறம் நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, தாடை மரத்துப்போகும்வரை காத்திருப்பார்கள். டாக்டர் ஒரு பக்கம், உதவியாளர் மறுபக்கம். உதவியாளர் கையில் ஒரு வளைந்த குழாய். வாயில் ஊறும் ரத்தத்தையும் எச்சிலையும் அது சர்ரென்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

எக்ஸ்ரே, உதவியாளர், உறிஞ்சு குழாய். இந்த மூன்று இல்லாமல் இன்று எந்த ஊரிலும் வாய் அறுவை சிகிச்சை கிடையாது. மூன்றின் தொடக்கக் கதையிலும் ஒரே மனிதரின் பெயர் வருகிறது: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ். இதில் ஒன்றுக்கு அவர் கொடுத்த விலை, தன்னுடைய கை.

அப்பாவும் பல் டாக்டர்

கெல்ஸ் பிறந்தது 1856இல். அப்பாவும் நியூ ஆர்லியன்ஸில் பெயர் பெற்ற பல் மருத்துவர். மகன் நியூயார்க்கில் பல் மருத்துவம் படித்து 1878இல் பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பினார். நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் எடிசன் ஆய்வகம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கெல்ஸையும் மின்சாரப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தெருவில் மின்சாரக் கம்பி வந்தவுடன் அதைத் தன் மருத்துவமனைக்குள் இழுத்துக்கொண்ட முதல் சில பல் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற குணம். பல் மருத்துவத்தோடு நிற்காமல் கார், லிஃப்ட், தீயணைப்பு சாதனம் என்று பலதிலும் கை வைத்தார். அவர் வாங்கிய காப்புரிமைகள் சுமார் 30.

உதவிக்கு ஒரு பெண்

அந்தக் காலத்தில் பல் மருத்துவர் தனியாகத்தான் வேலை பார்ப்பார். குறடு எடுப்பதும் அவர்தான், ரத்தம் துடைப்பதும் அவர்தான். ரொம்பப் போனால் ஒரு பையன் எடுபிடிக்கு இருப்பான்.

1885இல் கெல்ஸ் தன் மருத்துவமனையில் மால்வினா குவேரியா என்ற பெண்ணை உதவியாளராகச் சேர்த்தார். அமெரிக்காவின் முதல் பெண் பல் மருத்துவ உதவியாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இதனால் கிடைத்த பலன் டாக்டரோடு நிற்கவில்லை. அப்போதெல்லாம் பெண்கள் கணவரோ பணிப்பெண்ணோ துணைக்கு வராமல் பல் மருத்துவரிடம் போக மாட்டார்கள். பெண் உதவியாளர் இருக்கிறார் என்று ஜன்னலில் பலகை மாட்டிய பிறகு பெண்கள் தனியாகவே வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ள முடிந்தது. மற்ற ஊர் மருத்துவர்களும் இதே வழிக்கு வந்தார்கள்.

1900 வாக்கில் கெல்ஸ் மருத்துவமனையில் வேலை பிரிந்துவிட்டது. நாற்காலி பக்கத்தில் ஒருவர், கணக்கு வழக்குக்கும் கடிதங்களுக்கும் ஒருவர். உதவியாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது 1924இல்தான்.

உறிஞ்சு குழாய் ஏன் அவ்வளவு முக்கியம்?

வாய் ஒரு குறுகலான, இருட்டான இடம். ஈறைக் கீறினால் ரத்தம் வரும். வந்த ரத்தம் வெட்டிய இடத்தையே மறைத்துவிடும். கெல்ஸ் காலத்தில் பஞ்சும் துணியும் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். ஒற்றி எடுத்த அடுத்த நொடி மறுபடி ரத்தம் நிறையும். பல் துண்டோ ரத்தமோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து வேறு.

இதற்கு கெல்ஸ் செய்த விடைதான், அறுவை சிகிச்சையின்போது ரத்தத்தை இழுத்தெடுக்கும் உறிஞ்சு கருவி. பல் மருத்துவத்துக்கு வெளியேயும் இந்தக் கருவி உதவியது. அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே அதிகம் பேருக்குப் பயன்பட்டது இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

இன்று பல் அறுவை உதவியாளர் பயிற்சியில் இந்தக் குழாயைப் பிடிப்பதையும் சொல்லித்தருகிறார்கள். புதைந்த ஞானப்பல்லை எடுக்கும்போது தட்டில் கருவிகள் பயன்படும் வரிசையிலேயே இருக்கும். கீறுவதற்கு பிளேடு, ஈறை எலும்பிலிருந்து விலக்க ஒரு தட்டையான கருவி, எலும்பைக் குடைய பர், பல்லை நெம்ப எலிவேட்டர், பிடித்து எடுக்க ஃபோர்செப்ஸ் எனும் குறடு, குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய கியூரெட், கடைசியில் தையல் ஊசியும் அதைப் பிடிக்கும் இடுக்கியும். டாக்டர் கண்ணை வாயிலிருந்து எடுக்காமலே கை நீட்டுவார்; அடுத்த கருவியின் பிடி அவர் விரலில் வந்து உட்கார வேண்டும். இன்னொரு கையால் கன்னத்தையும் நாக்கையும் விலக்கிப் பிடித்து, பர் சூடாகி எலும்பு கருகாமல் இருக்க ஊற்றும் உப்புக் கரைசலையும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குழாய்க்குத் தடை. பல் வந்த பிறகு குழியில் உறையும் ரத்தக்கட்டியை இழுத்துவிடக் கூடாது. அது போய்விட்டால் எலும்பு வெளியே தெரிந்து, சில நாளில் தாங்க முடியாத வலி வரும்.

பல்லுக்கு வந்த எக்ஸ்ரே

1895ஆம் ஆண்டு கடைசியில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயை அறிவித்தார். செய்தி அமெரிக்கா வந்த சில மாதங்களிலேயே கெல்ஸ் தன் மருத்துவமனையில் அந்தக் கருவியை நிறுவிவிட்டார். 1896 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த பல் மருத்துவர் கூட்டத்தில் சக மருத்துவர்கள் முன்னால் எடுத்தும் காட்டினார்.

இன்று ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிகிற வேலை அது. அன்றைக்கு ஒரு பல்லைப் படமெடுக்க நிமிடக் கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் வாய்க்குள் படச்சுருள் அசையாமல் இருக்க வேண்டுமே? அதற்கென்று ஒரு பிடிப்பானை கெல்ஸே செய்துகொண்டார். பல் வேரின் நுனி எங்கே இருக்கிறது, சீழ் கட்டியிருக்கிறதா, பல் எலும்புக்குள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதுவரை ஊகம். இப்போது கண்ணால் பார்க்க முடிந்தது.

கையை வைத்துச் சோதித்தார்

சிக்கல் குழாயில் இருந்தது. அந்தக் காலத்து எக்ஸ்ரே குழாய் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. கதிர் சரியான அளவில் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். எல்லோரும் செய்ததையே கெல்ஸும் செய்தார். குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் தன் கையை நீட்டி, எலும்புகள் தெளிவாகத் தெரியும்வரை குழாயைச் சரிசெய்தார். இப்படி எத்தனையோ வருடங்கள்.

கதிர் சுடுவதில்லை, வலிப்பதும் இல்லை. அதனால் ஆபத்து இருப்பதாகவே பலருக்குத் தோன்றவில்லை. 1901இல் பாஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ், எக்ஸ்ரே உயிரைக் கொல்லும் என்று விலங்குகளில் சோதித்துக் காட்டி எச்சரித்தார். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. கெல்ஸின் கையிலும் புண் வந்தது. அது புற்றுநோயாக மாறியது. முதலில் விரல்கள் போயின. பிறகு கை. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள்.

தேவையில்லாமல் பிடுங்காதீர்கள்

இந்த வேதனைக்கு நடுவிலும் அவர் ஒரு சண்டையை விடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூட்டு வலி தொடங்கி மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லில் ஒளிந்திருக்கும் கிருமிதான் காரணம் என்றொரு கொள்கை பரவியது. எக்ஸ்ரேயில் ஒரு சின்ன நிழல் தெரிந்தால் போதும், நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். ஒரே தடவையில் வாய் முழுக்கப் பற்களை இழந்தவர்கள் உண்டு.

எக்ஸ்ரேயைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவரே இதை எதிர்த்தார். படம் ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு இல்லை என்பது அவர் கட்சி. டாக்டர் கட்டளையிட்டாலும் தேவையில்லாத பல்லைப் பிடுங்க மறுத்துவிடுங்கள் என்று சக பல் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். இதைக் காலத்தின் குற்றம் என்றே பெயரிட்டுக் கண்டித்தார்.

கடைசி வருடங்கள்

1926இல் தன் வாழ்க்கை அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். எக்ஸ்ரேயால் தினமும் நிம்மதி பெறும் ஆயிரக்கணக்கானவர்களை நினைக்கும்போது தன் விதியைக் குறை சொல்லத் தோன்றவில்லை என்று எழுதியவர் அவர். ஆனால் உடல் அதற்கு மேல் தாங்கவில்லை. 1928 மே 7ஆம் தேதி, 71 வயதில், தன் அலுவலகத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

இன்று மிச்சம் இருப்பது என்ன?

பல் எக்ஸ்ரே எடுக்கும் உதவியாளர்களுக்கு இன்று சில கண்டிப்பான விதிகள் உண்டு. நோயாளி வாயில் படச்சுருளைத் தன் விரலால் பிடிக்கவே கூடாது. பிடிப்பான்தான் பயன்படுத்த வேண்டும். பொத்தானை அழுத்தும்போது தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும், இல்லையென்றால் சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உடலில் படும் கதிரின் அளவைக் காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும்.

நெரிசலான மருத்துவமனையில் இந்த விதிகள் தொந்தரவாகத் தோன்றும். குழந்தை அழுகிறது, பிடிப்பான் நழுவுகிறது, ஒரே ஒரு தடவை விரலால் பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். கெல்ஸும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம்தான் கையை நீட்டினார்.