வில்லியம் ஜெனிங்ஸ் பிரையனும் 1900ஆம் ஆண்டுத் தேர்தலும்

ஐக்கிய அமெரிக்காவிலே மும்முறை சனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டு மும்முறையும் தோற்றவர் ஒருவர் உண்டு. அக்காலத்தில் வென்றவர் சிலரின் பெயரை அந்நாட்டுப் பிள்ளைகளே மறந்துவிட்டனர். தோற்ற இவரை மறக்கவில்லை. அவர்தாம் வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்த மாணவர்களுக்கு அவர் பெயர் சிறந்த சொற்பொழிவாளர் என்ற அளவிலே அறிமுகமாகியிருக்கும். நான் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய நாவன்மையைப் பற்றியன்று. தம் நாட்டுப் படை கடல் கடந்து சென்று போரிட்டுக்கொண்டிருந்த வேளையிலே, அப்போர் தவறு என்று சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்டவர் அவர். அப்போர் மூளுவதற்கு அவரும் ஓரளவு உடந்தையாயிருந்தார் என்பதே அவர் சரித்திரத்தை நான் இரண்டாம் முறையும் படிக்கக் காரணம்.

பிரையன் 1860ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆந் திகதி இலினோய் மாநிலத்துச் சேலம் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. வேத வாசிப்பும் செபமும் தவறாத குடும்பம். சிக்காகோவிலே சட்டம் படித்து, நியாயவாதியாகி, மேரி பெயார்ட் என்னும் பெண்மணியை 1884இல் மணந்தார். கணவருக்கு உதவியாகத் தாமும் சட்டம் பயின்று தேறிய அந்த அம்மையாரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். 1887இல் மேற்கே நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலே குடியேறினர். மூன்றாண்டுகளிலே பிரையன் கொங்கிரசுக்குத் தெரிவுசெய்யப்பட்டார்.

அக்காலத்தில் மேற்கு மாநில விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தனர். தங்கத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்ட நாணய முறையினால் பணம் அருகியது. தானிய விலை விழுந்தது. வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. வெள்ளி நாணயத்தையும் தடையின்றி அச்சிடவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 1896 யூலையிலே சிக்காகோவிற் கூடிய ஜனநாயகக் கட்சி மகாநாட்டில் பிரையன் எழுந்து அக்கோரிக்கைக்காக ஆற்றிய பிரசங்கம் ஒன்றே அவரை அபேட்சகராக்கிவிட்டது. வயது முப்பத்தாறுதான். புகையிரதத்திலே பதினெண்ணாயிரம் மைல் சுற்றி ஊர் ஊராகப் பேசினார். ஆயினும் குடியரசுக் கட்சியின் வில்லியம் மக்கின்லி வென்றார். இது முதலாந் தோல்வி.

1898 பெப்ரவரி 15ஆந் திகதி கியூபாவின் ஹவானாத் துறைமுகத்திலே மேய்ன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. ஸ்பானியரின் ஆட்சியில் அல்லற்பட்ட கியூபா மக்களை விடுவிப்பது என்ற பெயரால் ஏப்ரிலிலே போர் தொடங்கியது. பிரையன் அதனை எதிர்க்கவில்லை; நெப்ராஸ்காவிலே ஒரு தொண்டர் படையைத் திரட்டி அதற்குக் கேணலாகவும் ஆனார். ஆனால் அந்தப் படை போர்க்களத்தைக் கண்ணாலும் காணவில்லை. புளோரிடாவின் சேற்று நிலத்திலே கூடாரமடித்துக் கிடந்து, நெருப்புக்காய்ச்சலுக்கு ஆட்களைப் பலிகொடுத்ததுதான் மிச்சம். அரசியற் போட்டியாளர் ஒருவருக்குப் போரிற் புகழ் கிடைப்பதை மக்கின்லி விரும்பியிருக்க மாட்டார் என்று பலரும் பேசிக்கொண்டனர்.

இதற்கிடையிலே உலகத்தின் மறுகோடியில் வேறொன்று நடந்துவிட்டது. மே மாதம் முதலாந் திகதி மணிலாக் குடாவிலே அமெரிக்கக் கடற்படை ஸ்பானியக் கப்பல்களை அழித்தது. ஹொங்கொங்கில் இருந்த பிலிப்பைன் தலைவர் எமிலியோ அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே தாயகம் திரும்பினார். யூன் 12ஆந் திகதி தம் நாட்டின் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். ஆனால் ஓகஸ்டிலே மணிலா வீழ்ந்தபோது அவருடைய வீரர்கள் நகருக்குள் அனுமதிக்கப்படவில்லை. டிசம்பர் 10ஆந் திகதி பாரிசிலே கைச்சாத்தான உடன்படிக்கை, இரண்டு கோடி டொலருக்கு பிலிப்பைன் தீவுகளை ஸ்பானியாவிடமிருந்து அமெரிக்காவுக்கு மாற்றியது. விற்றவர்களும் வாங்கியவர்களும் அத்தீவு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உடன்படிக்கை செல்லுபடியாவதற்குச் செனற் சபையிலே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதனைத் தோற்கடிக்கக்கூடிய பலம் எதிர்ப்பாளரிடம் இருந்தது. மக்கின்லியின் கட்சியைச் சேர்ந்த முதியவரான ஜோர்ஜ் ஹோர் என்னும் செனற்றரே தம் தலைவரை எதிர்த்து நின்றார். 1898 நவம்பரிலே பொஸ்டன் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் ஒன்றும் தோன்றியிருந்தது. இந்த வேளையிலேதான் பிரையன் கேணல் பதவியைத் துறந்து வாஷிங்டனுக்கு வந்தார். வந்தவர் தம் கட்சியினரிடம் சொன்னது என்ன? உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே! முதலிலே ஸ்பானியாவோடு போர் சட்டப்படி முடியட்டும். தொண்டர் படைகள் வீடு திரும்பட்டும். பின்பு நாமே ஒரு தீர்மானத்தினால் பிலிப்பைன் மக்களுக்குச் சுதந்திரம் கொடுக்கலாம் என்பது அவருடைய வாதம்.

1899 பெப்ரவரி 6ஆந் திகதி 57 வாக்குகளுக்கு 27 வாக்குகளால் உடன்படிக்கை நிறைவேறியது. வேண்டியதற்கு மேல் ஒரேயொரு வாக்கு! பிரையனின் சொல்லால் எத்தனை பேர் மனம் மாறினர் என்பதிலே சரித்திர ஆசிரியர்கள் ஒருமைப்பட்டதில்லை. ஆனால் ஒரு வாக்கினால் நிறைவேறிய காரியத்திலே கைகொடுத்தவர் எவரும் தமக்குப் பொறுப்பில்லை என்று சொல்லமுடியாது. சுதந்திர வாக்குறுதி கொடுக்கும் தீர்மானம் சில நாள் கழித்து வந்தது. இருதரப்பும் சமனாக 29 வாக்குகள் பெற, உப சனாதிபதி ஹோபார்ட் தமது வாக்கினால் அதனைத் தோற்கடித்தார். அதற்குள் போரும் மூண்டுவிட்டது. பெப்ரவரி 4ஆந் திகதி இரவு மணிலாவின் எல்லையிலே காவல் நின்ற அமெரிக்க வீரன் ஒருவன் முதல் வெடியைத் தீர்த்தான். அவன் நெப்ராஸ்காத் தொண்டர் படையைச் சேர்ந்தவன். பிரையனுடைய சொந்த மாநிலத்தவன்.

1900ஆம் ஆண்டு யூலையிலே கன்சாஸ் நகரிற் கூடிய ஜனநாயகக் கட்சி மீண்டும் பிரையனைத் தெரிந்தது. உப சனாதிபதிப் பதவிக்கு நின்றவர் அட்லாய் ஸ்டீவன்சன். (இதே பெயருடைய அவரின் பேரன், கொரியாப் போர் நடந்துகொண்டிருந்த 1952இலே சனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். அக்குடும்பத்துக்கும் போர்க்காலத் தேர்தலுக்கும் என்ன தொடர்போ!) ஏகாதிபத்தியமே இத்தேர்தலின் தலையாய பிரச்சினை என்று கட்சி அறிவித்தது. பிலிப்பைன் மக்களுக்கு முதலில் நிலையான அரசு, அடுத்துச் சுதந்திரம், பின் பிறநாட்டார் தலையிடாதபடி பாதுகாப்பு என்பது திட்டம். தென்னாபிரிக்காவிலே பிரித்தானியரை எதிர்த்துப் போராடிய போவருக்கும் அந்த அறிக்கை அனுதாபம் தெரிவித்தது. அந்தப் போவரிலே சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதே ஆண்டிலே நம் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிரையன் ஒரு பிடிவாதஞ் செய்தார். வெள்ளி நாணயக் கோரிக்கையையும் அறிக்கையிற் சேர்க்காவிட்டால் தாம் நிற்கமாட்டேன் என்றார். நண்பர்கள் கெஞ்சினர். தானிய விலை ஏறிவிட்டது, புதிய சுரங்கங்களிலிருந்து தங்கம் வந்து குவிகிறது, வெள்ளியைப் பற்றி இப்பொழுது யாருக்கும் கவலையில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, குழுவிலே மிகச் சொற்ப வாக்குகளால் அது சேர்க்கப்பட்டது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்று இதனைப் புகழ்வாரும் உளர். எனக்கோ இது பெருந் தவறாகவே தோன்றுகிறது. போரை வெறுத்த கிழக்கு மாநிலத்தவர் பலர் வெள்ளியைப் போரினும் அதிகமாக அஞ்சினர். ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்துக்குப் பொருளுதவி புரிந்த உருக்குச் செல்வர் அன்ட்ரூ கார்னகியே கடைசியில் மக்கின்லியின் பக்கம் நின்றார். முதியவர் ஹோரும் கட்சியை விட்டு வெளியேறவில்லை.

ஓகஸ்ட் 8ஆந் திகதி இண்டியானாபொலிஸ் நகரிலே பிரையன் நிகழ்த்திய பேருரையில் வெள்ளி மறைந்திருந்தது. பேச்சு முழுவதும் பிலிப்பைனைப் பற்றியே. குடிமக்களின் சம்மதத்தால் ஆளப்படுவதே அரசு என்று சொல்லிப் பிறந்த நாடு, சம்மதமில்லாத மக்களை ஆளத் தொடங்கினால் தன் பிறப்பையே மறுப்பதாகும் என்றார். கிறிஸ்து மார்க்கத்தைப் பரப்ப இது வழி என்று சொன்னவர்களுக்கும் அவர் விடை கூறினார். பிரையன் தாமே ஆழ்ந்த பக்தியுடைய கிறிஸ்தவர். ஆனால் வேதத்தைத் துப்பாக்கி முனையிற் கொண்டுபோகச் சொல்லி எந்த வேத வாக்கியமும் இல்லை என்பது அவருடைய துணிபு. அத்தீவு மக்களிற் பெரும்பாலார் முந்நூறு ஆண்டுகளாகக் கத்தோலிக்கர் என்பதையும் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பிலே மக்கின்லி தம் ஊரை விட்டு அசையவில்லை. அவருக்காகச் சுற்றித் திரிந்தவர் உப சனாதிபதி அபேட்சகர் தியோடர் ரூஸ்வெல்ற். கியூபாவிலே குதிரைப்படைத் தொண்டரோடு போரிட்ட வீரர். இருபதினாயிரம் மைலுக்கு மேற் பயணஞ் செய்தார் அவர். தீவுகள் உடன்படிக்கையினால் நமக்குச் சொந்தம். அந்த உடன்படிக்கையை நிறைவேற்றும்படி கேட்டவரே பிரையன்தான். ஆகவே அகினால்டோ கலகக்காரன், வேறில்லை என்று குடியரசுக் கட்சியார் வாதித்தனர். இந்த அம்பு பிரையனை நன்றாகவே தைத்தது. அதனிலும் கூரியது இன்னொன்று: களத்திலே நம் வாலிபர் சாகும்போது இங்கே போரைப் பழிப்பவன் எதிரியின் துப்பாக்கிக்கு மருந்து இடுகிறான் என்பது. பிலிப்பைன் வீரர்கள் பிரையனின் வெற்றியை எதிர்பார்த்திருந்தது உண்மையே. தேர்தலை மனத்திற்கொண்டு அவ்வாண்டுச் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அவர்கள் தாக்குதலைக் கடுமையாக்கினர். ஆனாலும் இதனைக் காரணங்காட்டிப் பிரையன் வாய்மூடியிருக்க வேண்டும் என்பது எனக்கு உடன்பாடன்று. போரைத் தொடங்கியபின் அதைப்பற்றி எவரும் பேசக்கூடாதென்றால், முதல் வெடி தீர்ந்த இரவோடு தேர்தல் என்பதன் பொருளும் தீர்ந்துவிடும்.

பிரையனின் பக்கத்திலும் ஒரு கறை இருந்தது. தென் மாநிலங்களை ஆண்டது அவருடைய கட்சி. அங்கே கறுப்பின மக்களின் வாக்குரிமை எழுத்தறிவுச் சோதனை, வரி முதலிய சட்டங்களால் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் இண்டியானாபொலிசிலே பேசிய அதே ஓகஸ்டிற்றான் வட கரோலினாவிலும் அப்படியொரு திருத்தம் நிறைவேறியது. மணிலாவிலே சம்மதம் வேண்டுமென்பவர் வட கரோலினாவிலே ஏன் வேண்டாமென்கிறார் என்று எதிரிகள் கேட்டனர். அவர்கள் நல்லெண்ணத்தோடு கேட்டார்களோ இல்லையோ, கேள்வி நியாயமானது. பிரையன் அதற்கு நேராக விடையளிக்கவில்லை. தம் வெற்றிக்குத் தெற்கின் வாக்குகள் இன்றியமையாதவை என்பதை அவர் அறிவார்.

நவம்பர் வந்தது. தொழிலாளியின் சோற்றுப் பாத்திரம் நிறைந்திருக்கிறது, அதனை மாற்றாதீர்கள் என்ற ஆளுங்கட்சியின் பேச்சு பலித்தது. தெரிவாளர் வாக்குகள் மக்கின்லிக்கு 292, பிரையனுக்கு 155. நெப்ராஸ்காவே அவரைக் கைவிட்டது. மக்கள் போரை ஆதரித்தார்களா, வெள்ளியை மறுத்தார்களா, வயிறு நிறைந்ததற்கு நன்றி தெரிவித்தார்களா? ஒரே வாக்குச் சீட்டிலே மூன்று கேள்வியையும் கேட்டால் எந்தக் கேள்விக்கு விடை வந்ததென்று பிரித்தறிவது எப்படி? வென்றவர்கள் மட்டும் அதனைப் போருக்குக் கிடைத்த சம்மதமென்றே எடுத்துக்கொண்டனர். மறு ஆண்டு மார்ச்சிலே அகினால்டோ பிடிபட்டார். 1902 யூலை 4ஆந் திகதி, அப்பொழுது சனாதிபதியாகிவிட்ட ரூஸ்வெல்ற் போர் முடிந்ததென்று அறிவித்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரரும், ஏறக்குறைய இருபதினாயிரம் பிலிப்பைன் போராளிகளும் மாண்டனர். போரினாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மடிந்த பொதுமக்கள் தொகை இரண்டு இலட்சம் வரையில் என்பர்.

பின்னைய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1906இல் உலகப் பிரயாணத்திலே இந்தியாவைக் கண்டு, அங்கே பிரித்தானிய ஆட்சி தாம் எண்ணியதிலும் கொடிதென்று எழுதினார். இந்திய தேசியவாதிகள் அதனைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுப் பரப்பினர். 1908இலே மூன்றாம் முறை தோற்றார். வென்ற ராவ்ற் பிலிப்பைனிலே அமெரிக்க ஆளுநராயிருந்தவர்! 1913இல் வில்சன் அவரை இராசாங்க அமைச்சராக்கினார். பிணக்கு நேர்ந்தால் ஓராண்டு விசாரித்தபின்பே போரை நினைக்கவேண்டுமென ஏறக்குறைய முப்பது நாடுகளோடு உடன்படிக்கை செய்தார். ஆனால் 1914இலே அமெரிக்கப் படை மெக்சிக்கோவின் வெராகுரூஸ் துறைமுகத்தைப் பிடித்தபோது அதே நாற்காலியில் இருந்தவரும் அவரே. 1915 மே மாதம் லுசித்தானியாக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபின் ஜேர்மனிக்கு வில்சன் அனுப்பிய கடுங் கடிதம் போருக்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சிப் பதவியைத் துறந்தார். எனினும் 1916 தேர்தலிலே, நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்று கூறி வில்சனுக்காகவே பிரசாரஞ் செய்தார். ஐந்து மாதங்களில் அந்த வில்சனே போர் தொடுத்தார். இம்முறை பிரையன் எதிர்த்துப் பேசவில்லை. தம்மை ஒரு சாதாரணப் போர்வீரனாகச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினார். வயது ஐம்பத்தேழு. 1900இல் இருந்த பிரையனைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

1925இலே டெனசி மாநிலத்து டேற்றன் நகரில், டார்வினின் கொள்கையைப் பாடசாலையிற் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கெதிரான வழக்கிலே தோன்றினார். அதனால் நகைப்புக்குள்ளாகி, வழக்கு முடிந்த சில நாட்களில், யூலை 26ஆந் திகதி அவ்வூரிலேயே உறக்கத்தில் உயிர் நீத்தார். பிலிப்பைன் சுதந்திரம் பெற 1946 யூலை 4 வரை காத்திருக்க நேர்ந்தது. பிரையனின் உடலை ஆர்லிங்டனிலே போர்வீரருக்குரிய மயானத்தில் அடக்கஞ் செய்தனர். போர்க்களங் காணாத நெப்ராஸ்காத் தொண்டர் படையின் கேணல் என்ற உரிமையினால் அவருக்கு அங்கே இடங் கிடைத்தது.