ராமானுஜனுக்கு வந்தது டி.பி. தானா?

ஸ்ரீனிவாச ராமானுஜன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது 1729. அந்த டாக்ஸி நம்பர் பேச்சு நடந்த இடம் கேம்பிரிட்ஜ் வகுப்பறை இல்ல. லண்டன் புட்னியில், அவர் நோயாளியாகப் படுத்திருந்த ஒரு நர்சிங் ஹோம். பேராசிரியர் ஹார்டி அவரைப் பார்க்க டாக்ஸியில் போயிருந்தார். நம்பர் எல்லாருக்கும் தெரியும். அவர் ஏன் அங்கே படுத்திருந்தார்னு கேட்டா, டி.பி.ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுவோம். அந்த ஒரு வார்த்தையோட கதைதான் இது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். ரெண்டு வயசில் பெரியம்மை வந்து பிழைச்சார். கணக்கைத் தவிர வேற எந்தப் பாடத்தையும் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான சீதபேதி வந்து மூணு மாசம் ஊரில் போய்க் கிடந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் ரெண்டு தடவை ஃபெயில். (அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், அவர் கணக்கில் ஃபெயில் ஆகல!)

1909-ல் ஜானகியோடு கல்யாணம். அடுத்த வருஷம் விரைவீக்கத்துக்கு ஆபரேஷன். வீட்டில் காசு இல்ல, ஒரு டாக்டர் இலவசமாகச் செய்து கொடுத்தார். 1912-ல் சென்னை போர்ட் டிரஸ்டில் மாசம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். இதில் அந்த 1906 சீதபேதியை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.

இங்கிலாந்து போன சில மாசத்திலேயே முதல் உலகப் போர். சுத்த சைவம், தானே சமையல், பழக்கமில்லாத குளிர், ராத்திரி பகல் பார்க்காத வேலை. 1917 வசந்த காலத்தில் படுத்துட்டார். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, எடை குறைஞ்சுக்கிட்டே போச்சு. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு டி.பி. என்றார்கள். ஒரு டாக்டருக்கு, பழைய ஆபரேஷனை வைத்து, கல்லீரலில் புற்றுநோயோ என்று சந்தேகம். 1918 கடைசியில் ரத்தத்தில் ஏதோ நஞ்சு கலந்திருக்கு என்ற கருத்துக்கு வந்தார்கள். ஒரே உடம்பு, நாலு பெயர்.

ஆனா நிலைச்சு நின்னது டி.பி. தான். அதனால் சானடோரியம் சானடோரியமாகப் போனார். மெண்டிப் மலையில் இருந்த சானடோரியத்தை நடத்தியவர் நம்ம ஊர்க்காரர், டாக்டர் சௌரி முத்து. 1928-ல் தாம்பரத்தில் டி.பி. சானடோரியத்தை ஆரம்பிச்சவரும் அவரேதான். தாம்பரத்துக்கு முன்னாடி வர்ற சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் வந்த கதை அது. அப்போ டி.பி.க்கு மருந்தே கிடையாது. ஓய்வு, சாப்பாடு, ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளிர்ந்த காற்று, இதுதான் வைத்தியம். கும்பகோணத்துக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோதும் அவர் நோயாளிதான்.

1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. இங்கேயும் டி.பி. வைத்தியம்தான் நடந்தது. படுக்கையில் இருந்தபடியே மாக் தீட்டா சார்புகளைக் கண்டுபிடிச்சு, 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ல் இறந்தார். வயசு 32.

74 வருஷம் கழிச்சு, 1994-ல், டி.ஏ.பி. யங் என்பவர், அந்தக் காலக் கடிதங்களிலும் குறிப்புகளிலும் இருந்த அறிகுறிகளைத் திரும்ப அலசினார். விட்டு விட்டு வந்த காய்ச்சலையும் பழைய சீதபேதியையும் சேர்த்துப் பார்த்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கணும்னு முடிவுக்கு வந்தார். சீதபேதியை உண்டாக்குற அமீபா குடலில் வருஷக்கணக்கா தங்கி, பின்னாடி கல்லீரலில் சீழ்க்கட்டியாக வரக்கூடியது. அதுக்கு மருந்தும் அப்போவே இருந்தது. 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் எமிட்டின் ஊசி போட்டு அமீபா நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். யங் சொன்னதும் ஊகம்தான், நிரூபணம் இல்ல. ஆனா மருந்து இல்லாத நோயின் பெயர் எழுதப்பட்டதால், மருந்து இருந்த நோயை யாரும் தேடாமலே போயிருக்கலாம். நினைச்சாலே வலிக்குது.

இந்தக் கதை இன்ஜினியரிங் மேகசினில் எதுக்கு? நம்ம சீனியர்ஸ் சிலர் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்காங்க. டாக்டர் எழுதுற நோயை ஐ.சி.டி. கோடாக மாத்துற வேலை. ஐ.சி.டி.-10-ல், சளிப் பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டி.பி.க்கு A15.0. பரிசோதனையில் உறுதியானதாகக் குறிப்பு இல்லேன்னா A16.2. டி.பி. வந்து ஆறின தழும்புக்கு B90.9. எக்ஸ்ரேயில் ஏதோ தெரியுது, என்னன்னு முடிவாகலேன்னா R91.

இதில் அடிக்கடி சிக்கல் பண்றது கிரானுலோமா. உடம்பின் பாதுகாப்பு செல்கள், கொல்ல முடியாத கிருமியைச் சுத்தி வளைச்சு சிறை வைக்கிற சின்னக் கட்டி அது. ஆறினதும் கால்சியம் படிஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாத் தெரியலாம். நம்ம ஊரில் அதுக்கு முக்கியக் காரணம் டி.பி. தான். ஆனா பூஞ்சைத் தொற்றிலும், சார்காய்டோசிஸிலும் கிரானுலோமா வரும். சார்காய்டோசிஸுக்குக் கோடே வேற, D86.0. ரிப்போர்ட்டில் கிரானுலோமான்னு மட்டும் இருந்தா, கோடர் தானா டி.பி. கோடு போடக் கூடாது. டாக்டரைத்தான் கேட்கணும்.

வடமதுரை, வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை செய்ற ஒரு அக்காவுக்கு இருமல்னு வெச்சுக்கோங்க. அது டி.பி.யாவும் இருக்கலாம், பஞ்சுத் தூசியாவும் இருக்கலாம். சோதிக்காம டி.பி.ன்னு எழுதினா குறைஞ்சது ஆறு மாச மாத்திரை, வீட்டில் தனித் தட்டு, கல்யாணப் பேச்சில் தயக்கம். அதுக்காக டி.பி.யை எழுதாம விட்டாலும் ஆபத்து, வீடு முழுக்கப் பரவும். சோதிச்சுட்டு எழுதணும், அவ்வளவுதான்.

அமெரிக்க கோடிங் விதியில், வெளிநோயாளிக்கு சந்தேகம்னு எழுதின நோய்க்குக் கோடு போடக் கூடாது, அறிகுறிக்குத்தான் போடணும். அந்த விதிப்படி ராமானுஜனுக்கு என்ன கோடு வரும்? காய்ச்சலுக்கு R50.9, எடை குறைஞ்சதுக்கு R63.4. அமீபா கல்லீரல் கட்டிக்கு A06.4 தனியா காத்துக்கிட்டு இருக்கு. R கோடு பார்க்க ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கும். ஆனா அந்த ஃபைலைத் திறக்கிற அடுத்த டாக்டருக்கு, இன்னும் தேடணும்னு சொல்றது அதுதான்.