கொசுவின் வயிற்றில் கண்ட உண்மை

காவிரியில் தண்ணீர் வந்து வயல்களில் நடவு தொடங்கிவிட்டால், தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து ஊர்களில் கொசுவும் வந்துவிடுகிறது. மஃரிபுத் தொழுகைக்கு ஸஃப்பில் நிற்கும்போதே காதருகில் அதன் ரீங்காரம் கேட்கிறது. வீட்டுக்கு வந்தால் சாம்பிராணிப் புகை போடுகிறோம், கொசுவலை கட்டுகிறோம். இத்தனைக்கும் பிறகு பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டால், பனியில் விளையாடினான், ராக்காற்று பட்டுவிட்டது, குளத்தில் அதிக நேரம் குளித்தான் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம்.

இப்படிச் சொல்வது நாம் மட்டுமல்ல. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை உலகத்துப் பெரிய டாக்டர்களில் பலரும் இதையேதான் சொல்லி வந்தார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைத் தகர்த்து, குற்றவாளி காற்றல்ல, கொசுவே என்று நம் நாட்டு மண்ணிலேயே காட்டியவர் டாக்டர் ரொனால்ட் ராஸ். அவருடைய வாழ்க்கையில் நம் இல்லங்களுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருப்பதால், அதை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பையனுக்கு ஓவியத்திலும் கவிதையிலும் கணக்கிலும்தான் நாட்டம். தந்தையோ மகன் டாக்டராக வேண்டும் என்றார். தந்தை சொல்லைத் தட்டாமல் லண்டனில் வைத்தியம் படித்தார். ஆனால் மனம் முழுதாக ஒன்றவில்லை. 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

1883இல் பெங்களூரில் பட்டாள டாக்டராக இருந்தபோது ஒரு சிறு சம்பவம் நடந்தது. அவர் தங்கியிருந்த பங்களாவில் மற்ற வீடுகளைவிடக் கொசுத் தொல்லை அதிகம். காரணம் தேடியவர், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசு குறைந்துவிட்டது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆயினும் பின்னாளில் அவர் உலகுக்குச் சொன்ன பரிகாரத்தில் பாதி அந்தத் தொட்டியடியிலேயே அவர் கைக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில், 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய லவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று இருப்பதை மைக்ராஸ்கோப் மூலம் கண்டார். கிருமி இரத்தத்தில் இருக்கிறது, சரி. ஆனால் அது ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு எப்படிப் போகிறது? அது விளங்கவில்லை. 1894இல் விடுமுறையில் லண்டன் சென்ற ராஸுக்கு, பாட்ரிக் மான்சன் என்ற மூத்த டாக்டர் அந்தக் கிருமியைக் காட்டிக்கொடுத்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இலேயே சீனாவில் கண்டறிந்தவர் மான்சன். கும்பகோணம் வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து துன்பப்பட்ட அதே யானைக்கால்தான். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கு இருக்கலாம் என்று மான்சன் ஊகித்தார். அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ராஸ் ஏற்றுக்கொண்டார்.

1895இல் ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாத்துக்கு வந்தவர், இரண்டு ஆண்டுகள் கொசு கொசுவாக அறுத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அறுத்தவை பெரும்பாலும் சாம்பல் நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களும். அவை மலேரியாவைச் சுமப்பவை அல்ல என்பது அப்போது யாருக்குத் தெரியும்? நடுவில் காலராவைத் தடுக்கும் வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897இல் விடுமுறை எடுத்துக்கொண்டு உதகைக்குப் போனவர், நீலகிரி அடிவாரத்துச் சீகூர்ப் பக்கம் ஆராயச் சென்ற இடத்தில் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. எந்த நோயைத் தேடினாரோ அதே நோயில் படுத்தார். தேறி எழுந்து மீண்டும் செகந்திராபாத்துக்கே திரும்பினார்.

இங்கேதான் ஹுஸைன் கான் என்ற நோயாளி வருகிறார். அவர் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. 1897 ஆகஸ்ட் 16ஆம் தேதி, புதிதாகக் கிடைத்த புள்ளிச் சிறகுக் கொசுக்களை வலைக்குள் விட்டு அவரைக் கடிக்கச் செய்தார் ராஸ். கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா கூலி. பத்துக் கொசுக்கள் கடித்தன; ஹுஸைன் கானுக்குப் பத்து அணா கிடைத்தது. இரத்தம் குடித்த கொசுக்களைக் குப்பிகளில் வைத்து, நாளுக்குச் சில என்று அறுத்துப் பார்த்தார்.

ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். பங்கா இழுக்கச் சொன்னால் கொசுவின் சிறு துணுக்குகள் பறந்துவிடும். நெற்றி வேர்வை சொட்டிச் சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகாணிகளே துருப்பிடித்துவிட்டன. 20ஆம் தேதி, மிஞ்சியிருந்த சில கொசுக்களில் ஒன்றை அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் இதுவரை எந்தக் கொசுவிலும் காணாத வட்டமான அணுக்களைக் கண்டார். அவற்றுக்குள் மலேரியாக் கிருமிக்கே உரிய கருநிறப் பொடி இருந்தது. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார்; அதே அணுக்கள், முந்தைய நாளைவிடப் பெரியவையாக வளர்ந்திருந்தன. மனிதனிடமிருந்து எடுத்த கிருமி கொசுவின் உடலில் உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஆகஸ்ட் 20ஆம் நாளைத்தான் உலகம் இன்றும் கொசு நாளாக நினைவுகூர்கிறது.

வெற்றி கையில் வந்த வேளையில் மாற்றல் உத்தரவும் வந்தது. மலேரியா நோயாளிகள் கிடைப்பதே அரிதான ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். மனம் நொந்தாலும் அவர் கைகட்டி இருக்கவில்லை. 1898 தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே முஹம்மது பக்ஷ் என்பவர் அவருக்கு உதவியாளராக அமைந்தார். கொசு பிடிப்பது, வளர்ப்பது, பறவைக் கூண்டுகளில் விடுவது எல்லாவற்றிலும் அவர் துணை நின்றார். மனிதர்களை வைத்துச் செய்ய முடியாததைச் சிட்டுக்குருவிகளை வைத்துச் செய்தார் ராஸ். குருவிகளுக்கும் அவற்றுக்கே உரிய ஒருவகை மலேரியா உண்டு. நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவின் வயிற்றில் வளர்ந்த கிருமி, பிறகு அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதை 1898 ஜூலையில் கண்டார். அந்தக் கொசு நல்ல குருவியைக் கடித்தது. அதற்கும் நோய் வந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியும் பொருந்திவிட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் கிராஸியும் அவருடைய தோழர்களும், மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் இனக் கொசு என்பதை நிரூபித்தார்கள்.

1902இல் ராஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புகழ் அவருக்கு நிம்மதியைத் தரவில்லை. முதலில் கண்டவர் யார் என்று கிராஸியோடு நெடுநாள் வழக்காடினார். அறிவு பெரிதாக இருந்தாலும் மனிதன் மனிதனே. ஆயினும் அவர் ஒரு பெரிய நன்மையை விட்டுச் சென்றார். தமக்குப் பிடித்த கணக்கைக் கொண்டே இன்னொரு உண்மையையும் காட்டினார்: மலேரியாவை ஒழிக்க உலகத்துக் கொசு அனைத்தையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் ஊரில் கொசு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே நோய் தானே அற்றுப்போகும். 1932 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் அவர் காலமானார்.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி எழும் சில கேள்விகளுக்கு வருவோம். மலேரியா உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றுமா? தொற்றாது. முஸாஃபஹா செய்தாலும், பக்கத்தில் நின்று தொழுதாலும் தொற்றாது. தொற்று நோய் எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. காலராவும் டைபாய்டும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகின்றன. காசநோய் இருமலால் காற்றில் பரவுகிறது. மலேரியா அனாபிலிஸ் கொசுவால் வருகிறது. வழி தெரிந்தால்தான் அடைக்க முடியும். வழி தெரியாமல் நோயாளியை ஒதுக்கி வைப்பது அநியாயம்.

எல்லாக் கொசுவும் கடிக்குமா? பெண் கொசுதான் கடிக்கிறது. முட்டை உருவாக அதற்கு இரத்தம் தேவை. மலேரியாக் கொசு பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கும். கடித்த உடனே காய்ச்சல் வந்துவிடுமா? இல்லை. கிருமி முதலில் ஈரலில் தங்கிப் பெருகி, பிறகே இரத்தத்துக்கு வருகிறது. அதற்குப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து போகும்போது, இடைநாளில் குணமாகிவிட்டதென்று எண்ணி ஏமாறக் கூடாது. எந்தக் காய்ச்சலானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதும், கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடிப்பதும் அவசியம். தண்ணீர் ஓதிக் குடிப்பவர்களும் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாகாது.

நம் வயல்தான் குற்றவாளியா என்றொரு கேள்வியும் உண்டு. இதற்கு நம் மாவட்டத்திலேயே விடை கிடைத்திருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் நீர் பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் புதிதாகப் பாய்ந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பாசனம் நோயைத் தரவில்லை, ஒழுங்கில்லாத பாசனமே தருகிறது என்பது அவர் கண்ட முடிவு. கரை போட மண் வெட்டிய குழிகள், கால்வாய்க் கசிவு, வடிகால் இல்லாமல் தேங்கிய நீர் ஆகியவற்றில்தான் அந்தக் கொசு பெருகியது. நட்ட வயலிலும் பயிர் சிறிதாக இருக்கும்வரைதான் அது முட்டையிடும். பயிர் ஓரடி வளர்ந்து நெருங்கிவிட்டால் அங்கே அதற்கு வேலை இல்லை. சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுத்த மருந்தை வீடுகளுக்குள் தெளித்தும் அங்கே நோயைக் குறைத்துக் காட்டினார்கள்.

முயற்சி செய்தால் பலன் உண்டு, அசட்டையாக இருந்தால் இழப்பும் உண்டு என்பதற்கு நம் நாட்டுக் கணக்கே சாட்சி. 1953இல் அரசாங்கம் மலேரியாத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேருக்கு இக்காய்ச்சல் வந்ததாக மதிப்பிட்டார்கள். 1960களின் நடுவில் அது சுமார் ஒரு லட்சமாக இறங்கியது. நோய் போய்விட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. மருந்துக்குக் கொசுவும் பழகிக்கொண்டது. 1976இல் மறுபடியும் 64 லட்சத்துக்கு ஏறிவிட்டது. பிறகு படிப்படியாகப் பாடுபட்டே அதை மீண்டும் குறைத்திருக்கிறார்கள்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தேங்கிய நீரை அசுத்தப்படுத்தாதிருக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் காட்டித் தந்த வழியே. நோயும் ஷிஃபாவும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று நம்புகிற நாம், வாசல் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்துக்கொண்டே விதி என்று சொல்லியிருப்பது தவக்குல் ஆகாது.

கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்குக் குளிக்கும் நாளையே அடையாளமாக வைத்துக்கொண்டு, வீட்டுத் தொட்டி, குடம், அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்து உலர்த்தினால் அந்த வாரத்துப் புழுக்கள் அனைத்தும் மடிந்துவிடும். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, உடைந்த மண்சட்டி, பழைய டயர் ஆகியவற்றை அகற்றிவிடுங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். பள்ளிவாசல் ஹவுளைக் கவிழ்க்க முடியாது. அதில் கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களை விட்டு வளர்க்க ஜமாஅத்தார் ஏற்பாடு செய்யலாம். வயலில் மண் வெட்டிய குழியைத் தூர்ப்பதும், வடிகாலைத் திறந்துவிடுவதும் ஊரார் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு வீட்டார் மட்டும் செய்தால் அடுத்த வீட்டுக் கொசு வந்து கடிக்கும். அண்டை வீட்டாரின் ஹக்கில் இதுவும் சேர்ந்ததே.

பத்து அணாக் கூலிக்குக் கொசுக்கடியைத் தாங்கிய ஹுஸைன் கான், நோபல் மேடையில் நிற்கவில்லை. ஆனால் அவர் இரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. அந்த அறிவைத் தந்தவர்களுக்கு நாம் பட்ட கடனை அடைக்கப் பணம் காசு எதுவும் வேண்டாம். பெங்களூரில் ராஸ் செய்ததைப் போல, இன்று நம் வாசலிலுள்ள தொட்டியைக் கவிழ்த்தால் போதும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நோய்நொடிகளிலிருந்து காத்தருள்வானாக. ஆமீன்.