பிரிச்சுப் பார்த்த மனுஷன்

ஜி.டி. நாயுடு 1893-ல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அதுக்கப்புறம் அதே நினைப்புதான். கோவையில் ஓட்டல் சர்வராகச் சேர்ந்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கினதும் அக்கக்கா பிரிச்சுப் போட்டார். மறுபடி மாட்டினார். மெக்கானிக் வேலையை அப்படித்தான் கத்துக்கிட்டார். நம்ம கேம்ப் ரோடு மெக்கானிக் கடைப் பையன்கள் கத்துக்கிறதும் இதே வழியில்தான், ஆனா அவங்களுக்குச் சொல்லித்தர ஒரு அண்ணன் இருப்பார்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார், ஓட்டினதும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆச்சு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார்.

நம்மைக் குத்துற விஷயம் 1945-ல் நடந்தது. கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமா இருந்தார், முதல்வராவும் இருந்தார். இன்னைக்கு அது ஜி.சி.டி. நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டே வருஷம் போதும் என்பது அவர் கட்சி. தெர்மோடைனமிக்ஸை நினைச்சா எனக்குச் சந்தேகம்தான். ஆனா எட்டாவது செமஸ்டர்ல, எங்க கிளாஸ்ல ஒரு எஞ்சினைத் தானே பிரிச்சு மாட்டினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அரசு அவர் சொன்னதை ஏத்துக்கல. நாயுடு பதவியை விட்டு வெளியே வந்துட்டார்.