எரிக் எரிக்சன் (1902–1994): வாழ்வின் எட்டுப் படிகளை வகுத்த உளவியலாளர்



உளவியல் அலகில் ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லை நீங்கள் படித்திருப்பீர்கள். மனித வாழ்வை எட்டுப் படிகளாக வகுத்த கோட்பாட்டையும் படித்திருப்பீர்கள். இவ்விரண்டையும் தந்தவர் எரிக் எரிக்சன். எட்டுப் படிகளின் பெயர்களை மனனம் செய்யும் மாணவர் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார். அவை எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தன என்று அறிந்தவருக்கு மறக்காது. ஆகவே முதலில் அவரது வாழ்க்கையை நோக்குவோம்.

1. பிள்ளைப் பருவம்

எரிக்சன் 1902 ஜூன் 15 ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தாயார் கார்லா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தந்தை யார் என்பது எரிக்சனுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. அவருக்கு மூன்று வயதானபோது தாயார் தியடோர் ஹோம்பேர்கர் என்ற குழந்தை மருத்துவரை மணந்தார். அந்த மருத்துவரே சொந்தத் தந்தை என்று சொல்லிப் பிள்ளையை வளர்த்தார்கள். பிள்ளையின் நன்மைக்காகவே உண்மையை மறைத்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் பெரியவர்கள் நினைப்பதைவிட அதிகம் கவனிப்பவர்கள். எரிக் உயரமாக, பொன்னிற முடியும் நீலக் கண்களுமாக வளர்ந்தார். வீட்டில் எவரும் அவ்வாறு இல்லை. யூதர்களின் வழிபாட்டிடத்தில் மற்றப் பிள்ளைகள் அவரை அந்நியன் என்று கேலி செய்தார்கள். பாடசாலையிலோ யூதன் என்று கேலி செய்தார்கள். இரண்டு இடங்களிலும் அவர் வெளியாளாகவே இருந்தார். தாம் யார் என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை என்பதை இங்கு அவதானியுங்கள்.

2. இலக்கில்லாத ஆண்டுகள்

வளர்ப்புத் தந்தை அவர் மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். எரிக்சன் பல்கலைக்கழகம் செல்லவில்லை. ஓவியம் கற்றார், அதிலும் நிலைக்காமல் இத்தாலி முதலிய நாடுகளில் சில ஆண்டுகள் அலைந்தார். 1927 இல் பாடசாலை நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில் ஒஸ்திரியாவின் வியன்னா நகருக்குச் சென்று ஒரு சிறிய பாடசாலையில் ஆசிரியரானார். அங்கு சிக்மண்ட் பிராய்டின் மகளான அன்னா பிராய்டிடம் குழந்தை உளப்பகுப்பாய்வைக் கற்றார். 1930 இல் கனடாவைச் சேர்ந்த ஜோனை மணந்தார். 1933 இல் பயிற்சியை நிறைவு செய்தார். அதே ஆண்டு ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். எரிக்சன் மனைவி மக்களுடன் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குடியேறினார்.

1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ஹோம்பேர்கர் என்ற பெயருக்குப் பதிலாக எரிக்சன் என்று வைத்துக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன் என்று பொருள். தந்தையின் பெயர் தெரியாத மனிதர் தம் பெயரையே தந்தை பெயராக்கிக் கொண்டார்.

3. ஆய்வுகள்

எரிக்சன் தென் டகோட்டாவில் வாழும் சூ பழங்குடி மக்களிடம் சென்றார். அந்தப் பிள்ளைகள் பாடத்தில் அக்கறையற்றவர்கள் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். எரிக்சன் வீடுகளையும் பார்த்தார். அங்கே இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பவரே உயர்ந்தவர். பாடசாலையிலோ தனக்கெனச் சேர்ப்பவரும் பிறரை முந்துபவருமே கெட்டிக்காரர். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்றது. குறை பிள்ளையில் இல்லை, இரு வளர்ப்பு முறைகளின் மோதலில் உள்ளது என்று அவர் விளங்கிக்கொண்டார். லயத்தில் ஒரு பேச்சு, பாடசாலையில் இன்னொரு பேச்சு, மாவனல்லைக் கடைத்தெருவில் சிங்களம் என்று வாழும் உங்களுக்கு இது புரியாத விடயமன்று.

இவ்வாறான ஆய்வுகளையும் தாம் சிகிச்சையளித்த பிள்ளைகளின் அனுபவங்களையும் சேர்த்து 1950 இல் ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். எட்டுப் படிகள் அந்நூலில் இடம்பெற்றன. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே 1960 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

4. எட்டுப் படிகள்

ஒவ்வொரு படியிலும் இரு நிலைகளுக்கிடையே ஒரு போராட்டம் உண்டு.

(அ) கைக்குழந்தை: நம்பிக்கை – அவநம்பிக்கை
(ஆ) தளர்நடைப் பருவம்: தன்னாட்சி – வெட்கமும் ஐயமும்
(இ) முன்பள்ளிப் பருவம்: முன்முயற்சி – குற்றவுணர்வு
(ஈ) பாடசாலைப் பருவம்: உழைப்பூக்கம் – தாழ்வுணர்வு
(உ) கட்டிளமைப் பருவம்: அடையாளம் – வகிபாகக் குழப்பம்
(ஊ) இளம் வளர்ந்தோர்: நெருக்கம் – தனிமை
(எ) நடுவயது: அடுத்த தலைமுறையைப் பேணல் – தேக்கம்
(ஏ) முதுமை: நிறைவு – விரக்தி

தாய் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறார். குழந்தை பிள்ளை மடுவத்தில் இருக்கிறது. குறித்த நேரத்தில் எவரேனும் வந்து தூக்கிப் பசியாற்றினால், முதற்படியின் நம்பிக்கை அங்கே வளர்கிறது. தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மாயி வளர்க்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒரு படியில் குறை ஏற்பட்டால் வாழ்வே முடிந்துவிட்டது என்று எரிக்சன் கருதவில்லை. பழைய போராட்டங்கள் பிந்திய படிகளில் மீண்டும் எழும். அப்போது அவற்றைச் சரிசெய்யவும் வாய்ப்புண்டு என்பது அவரது முக்கிய கருத்தாகும்.

நீங்கள் நிற்பது ஐந்தாம் படியில். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்காகத் தேசிய அடையாள அட்டை எடுக்கிறீர்கள். அதில் உங்கள் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். நீங்கள் யார் என்பதை அந்த அட்டை சொல்லி முடிக்காது. அதைத் தேடுவதற்கு இளைஞருக்குச் சிறிது கால அவகாசம் தேவை என்றார் எரிக்சன். அவர் அலைந்து திரிந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள்.

5. அகமதாபாத்தில் எரிக்சன்

1962 இல் மனித வாழ்க்கைச் சுற்றுப் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்துவதற்காக எரிக்சன் இந்தியாவின் அகமதாபாத் நகருக்கு வந்தார். அங்கே 1918 ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவரது கவனத்தை ஈர்த்தது. தொழிலாளர் 35 சதவீத ஊதிய உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20 சதவீதமே தருவோம் என்றனர். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளரின் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. தொழிலாளர் சோர்ந்தபோது காந்தி மார்ச் 15 ஆம் திகதி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாட்களில் இணக்கம் ஏற்பட்டது.

முதுமையில் இருந்த அம்பாலால் சாராபாயையும் அந்நாட்களைக் கண்ட வேறு சிலரையும் எரிக்சன் சந்தித்தார். அப்போது 48 வயதாயிருந்த காந்தியை ஏழாம் படியில் நிற்கும் மனிதராகக் கண்டு, 1969 இல் ஒரு நூல் எழுதினார். அந்நூலுக்கு 1970 இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. காந்தியைப் பெரிதும் மதித்த அவர், காந்தி தம் மனைவியையும் பிள்ளைகளையும் நடத்திய முறையை அதே நூலில் வெளிப்படையாகக் கண்டிக்கவும் செய்தார்.

6. மறைக்கப்பட்ட ஓர் உண்மை

எரிக்சனின் சொந்தக் குடும்பத்திலும் ஒரு துயரம் இருந்தது. 1944 இல் பிறந்த நான்காவது குழந்தைக்கு டவுண் கூட்டறிகுறி இருந்தது. அக்கால மருத்துவர்களின் வழக்கப்படி குழந்தை ஒரு பராமரிப்பு நிலையத்தில் விடப்பட்டது. குழந்தை இறந்துவிட்டதாக வீட்டுப் பிள்ளைகளிடம் கூறப்பட்டது. அப்பிள்ளை உண்மையில் 21 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. 1999 இல் வெளிவந்த எரிக்சனின் வாழ்க்கை வரலாறு இதனை விரிவாக வெளிப்படுத்தியது.

குடும்பம் உண்மையை மறைத்ததால் வாழ்நாள் முழுவதும் வருந்தியவர், தம் பிள்ளைகளிடமும் உண்மையை மறைத்தார். இதற்காக அவரது கோட்பாட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அறிந்திருப்பது வேறு, துயரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதன்படி நடப்பது வேறு. குடும்பத்தின் மௌனம் தலைமுறை தாண்டியும் தொடரும் என்பதற்கு அவரது வீடே சான்றாயிற்று.

7. மதிப்பீடு

எட்டுப் படிகள் ஆண்களின் வாழ்வையே பெரிதும் அடிப்படையாகக் கொண்டவை என்று, ஹார்வார்டில் அவருடன் பணியாற்றிய கரோல் கிலிகன் விமர்சித்தார். பெண்களுக்கு அடையாளமும் நெருக்கமும் ஒன்றோடொன்று பிணைந்தே வளரலாம் என்பது இவ்விமர்சனத்தின் சாரம். மதிப்பிடுக என்று வினா வந்தால் இதனைத் தவறாது எழுதுங்கள்.

எரிக்சன் 1994 மே 12 ஆம் திகதி காலமானார். முதுமையை நேரில் கண்ட மனைவி ஜோன், எட்டுடன் ஒன்பதாவது படியொன்றையும் சேர்த்து 1997 இல் அவரது நூலை விரிவுபடுத்தினார். வளர்ச்சி இளமையோடு நின்றுவிடுவதில்லை என்ற கருத்துக்கு அவ்வீட்டிலேயே இன்னொரு சான்று கிடைத்தது.

மீட்டல் வினாக்கள்

1. எரிக்சனின் பிள்ளைப் பருவத்திற்கும் அடையாளம் பற்றிய அவரது கருத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. சூ மக்களின் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் கொண்டிருந்த கருத்திலிருந்து எரிக்சன் எவ்வாறு வேறுபட்டார்?
3. ஒரு படியில் ஏற்பட்ட குறையைப் பின்னர் சரிசெய்யலாம் என்பதற்கு உமது சூழலிலிருந்து ஓர் உதாரணம் தருக.
4. எட்டுப் படிகள் பற்றிய கோட்பாட்டை மதிப்பிடுக.