கூலி கொடுக்கப் பணமில்லை என்று வந்த தந்தி: உருக்காலையைக் காத்த தோராப்ஜி டாடா

1924-ம் ஆண்டில் ஒரு நாள் ஜாம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்கு ஒரு தந்தி வந்தது. தொழிலாளர்களுக்குக் கூலி வழங்கப் போதிய பணம் ஆலையிடம் இல்லை என்பதே அதன் சாரம். இந்தியர்களின் முதலீட்டில் எழுந்த டாடா இரும்பு, உருக்கு நிறுவனம் மூடப்படுமா, கைமாறுமா என்ற கேள்வி எழுந்தது. நிறுவனத்தின் தலைவரான சர் தோராப்ஜி டாடாவுக்கு அப்போது வயது 65-ஐ நெருங்கியிருந்தது.

ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள தமது சொந்தச் சொத்து முழுவதையும் இம்பீரியல் வங்கியிடம் ஈடாக வைத்து, ஆலைக்கு ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார் அவர். அந்த ஈட்டில் மனைவி மேஹர்பாயின் நகைகளும் இருந்தன. கோஹினூரைவிட இரு மடங்குக்கும் மேல் எடை கொண்ட, 245 காரட் ஜூபிலி வைரமும் அவற்றில் ஒன்று என்று டாடா குழுமத்தின் வரலாறு பதிவு செய்துள்ளது. ஆலையோ பல்லாயிரம் பங்குதாரர்களைக் கொண்ட பொது நிறுவனம். அதன் கடனுக்குத் தமது சொத்தைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

புதுச்சேரியில் முதல் பணி

ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகனான தோராப்ஜி, 1859 ஆகஸ்ட் 27-ல் பம்பாயில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இரண்டு ஆண்டுகள் படித்துத் திரும்பிய அவர், 1882-ல் பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் பம்பாய் கெஜட் நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார்.

1884-ல் தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பருத்தி ஆலை நடத்துவது லாபகரமாக இருக்குமா என்று ஆராய்வதாகும். பிறகு நாகபுரி எம்ப்ரஸ் ஆலைக்கு அனுப்பப்பட்டார். முதலீட்டுக்கு முன் களத்தைப் பார்த்துக் கணக்கிடும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கியது.

உருக்காலை தந்தையின் கனவு. அது நனவாகும் முன்பே, 1904-ல் ஜெர்மனியில் ஜாம்ஷெட்ஜி காலமானார். அமெரிக்க நிலவியலாளர் வெல்டுடன் இரும்புத் தாது தேடி மத்திய மாகாணக் காடுகளில் அலைந்தவர்களில், தோராப்ஜியும் அவரது அத்தை மகன் ஷாபுர்ஜி சக்லத்வாலாவும் அடங்குவர். அந்தச் சக்லத்வாலாவே பின்னாளில் கம்யூனிஸ்டாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலவியல் அறிஞர் பி.என். போஸ் தந்த தகவலின்பேரில், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமஹிசானி மலையில் வளமான தாது கண்டறியப்பட்டது.

முதலீடு திரட்ட லண்டன் பணச்சந்தையை நாடியபோது கைவிரிக்கப்பட்டது. சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்த 1907-ல், இந்தியாவிலேயே பங்குகளை விற்க தோராப்ஜியும் கூட்டாளிகளும் முடிவு செய்தனர். மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 8,000 இந்தியர்கள் 2.32 கோடி ரூபாய் முதலீட்டை அளித்தனர். 1912 பிப்ரவரியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது.

போர்க்கால வளமும் பிந்தைய வீழ்ச்சியும்

முதல் உலகப் போர் ஆலைக்கு வளத்தைக் கொண்டுவந்தது. மெசபடோமியா உள்ளிட்ட போர்முனைகளுக்கு 1,500 மைல் நீளத்துக்கான தண்டவாளங்கள் இங்கிருந்து சென்றன. நன்றி தெரிவிக்கும் வகையில் 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு, சாக்சி என்ற அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் எனப் பெயரிட்டார்.

அதே ஆண்டில் தோராப்ஜி நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தை நிறுவினார். தீயும் கடல் விபத்தும் ஒரு தொழிலை முடக்கினால், அதை மீட்கும் வழியை அறிந்தவர் அவர். ஆனால் சந்தை சரிவதற்கு எதிராகக் காப்பீடு கிடையாது. ஆலையின் உற்பத்தியைப் பல மடங்கு உயர்த்தும் விரிவாக்கம் போர்க்காலத்தில் தொடங்கப்பட்டது. விலைகள் உச்சத்தில் இருந்தபோது வாங்கிய இயந்திரங்களுக்கு மதிப்பீட்டைவிட மிக அதிகமாகச் செலவானது. அவை உற்பத்திக்குத் தயாரானபோது உருக்கின் விலை சரிந்திருந்தது.

இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெல்ஜியம் முதலிய நாடுகளின் மலிவு உருக்கு இந்தியத் துறைமுகங்களில் குவிந்தது. ரயில்வேக்களுடன் முன்பே செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களின் விலை கட்டுப்படியாகவில்லை. 1923 செப்டம்பரில் நேர்ந்த பூகம்பம் வார்ப்பிரும்பு வாங்கிவந்த ஜப்பானை நிலைகுலையச் செய்தது. வளமான ஆண்டுகளின் பணம் விரிவாக்கத்தில் முடங்கியிருந்ததால், கையில் போதிய இருப்பு இல்லை. தந்தி வந்ததற்குப் பின்னால் இருந்த கதை இதுதான்.

தில்லி காட்டிய வழி

ஆலையை அரசிடமே ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஜே.ஆர்.டி. டாடாவின் தந்தையும் இயக்குநருமான ஆர்.டி. டாடா அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் அரசின் துணையின்றி ஆலை பிழைக்க வழியில்லை. வங்கிக் கடன் கூலிக்கு உதவலாம். மலிவு இறக்குமதியைத் தடுக்காது.

1923-ல் அமைக்கப்பட்ட சுங்கவரி வாரியம் உருக்குத் தொழிலுக்குப் பாதுகாப்பு தேவை என்று பரிந்துரைத்தது. அதை ஏற்று மத்திய சட்டசபை 1924 ஜூனில் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இறக்குமதி உருக்கின் மீதான வரி உயர்ந்தது. உள்நாட்டுத் தண்டவாளங்களுக்கு முதல் ஆண்டில் டன்னுக்கு 32 ரூபாயும், அடுத்த ஆண்டுகளில் 26, 20 ரூபாயும் மானியமாக வழங்க வகை செய்யப்பட்டது.

இச் சட்டத்துக்குத் தேசிய நோக்கில் ஆதரவு திரண்டது. எனினும் மக்கள் கூடுதல் விலை கொடுத்துக் காக்கும் ஆலை, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியைத் தொழிலாளர் தரப்பினர் எழுப்பினர். அது நியாயமான கேள்வி. எட்டு மணி நேர வேலையை 1912-லும், வருங்கால வைப்பு நிதியை 1920-லும் கொண்டுவந்த ஆலை அது. அதே 1920-ல் நடந்த வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்ததும் அங்குதான். 1925-ல் காந்தியடிகள் ஜாம்ஷெட்பூர் வந்தார். அதையொட்டித் தொழிற்சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தது.

1927-ல் பாதுகாப்பு மேலும் ஏழு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. பிரிட்டிஷ் உருக்குக்கு மட்டும் வரிச்சலுகை காட்டப்பட்டதைத் தேசியவாத உறுப்பினர்கள் எதிர்த்தனர். செலவைக் குறைக்க நிர்வாகம் ஆட்குறைப்பில் இறங்கியபோது, 1928-ல் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாதக்கணக்கில் நீண்டன. சுபாஷ் சந்திர போஸ் தலையிட்ட பின்னரே உடன்பாடு ஏற்பட்டது. நெருக்கடியிலிருந்து ஆலை மீண்டதன் சுமையில் ஒரு பங்கைத் தொழிலாளர்களும் சுமந்தனர் என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

எஞ்சிய சொத்து

1931-ல் மேஹர்பாய் ரத்தப் புற்றுநோயால் காலமானார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1932 மார்ச்சில் தோராப்ஜி தமது சொத்துகளைக் கொண்டு தம் பெயரில் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். மனைவியின் நினைவாக ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் தனி அறக்கட்டளை ஏற்படுத்தினார். அதே ஆண்டு ஜூன் 3-ல் ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் அவர் உயிர் பிரிந்தது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் தலைவரும், 1920 ஆன்ட்வெர்ப் போட்டிக்கு இந்திய வீரர்களை அனுப்பப் பொருளுதவி செய்தவரும் அவரே.

வங்கியிடமிருந்து மீண்ட ஜூபிலி வைரம் 1937-ல் விற்கப்பட்டு, அந்தப் பணம் அறக்கட்டளையைச் சேர்ந்தது. அந்த அறக்கட்டளையின் முயற்சியால் 1936-ல் இன்றைய டாடா சமூக அறிவியல் நிலையமும், 1941-ல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாயின.

ஆபத்துக் காலத்தில் உரிமையாளர் முதலில் தமது உடைமையை முன்வைத்ததால்தான், பொதுமக்களின் பணத்தைக் கேட்கும் தகுதி அந்த ஆலைக்குக் கிடைத்தது. அதே வேளையில், நல்ல காலத்தில் போதிய இருப்பைச் சேர்த்து வைத்திருந்தால் அந்தத் தந்திக்கே அவசியம் நேர்ந்திருக்காது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு தோராப்ஜி வாய்ப்பதில்லை. நலிந்த தொழிலுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், உரிமையாளர் எதை ஈடு வைத்தார், தொழிலாளர் எதை இழந்தார், மக்கள் எவ்வளவு கொடுத்தனர் என்ற மூன்று கணக்குகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதே 1924 உணர்த்தும் பாடம்.